டி.ஓ.வி.யும் இ.டி.ஆரும்: மலேசியா, சுங்கை சிப்புட் பெற்றோர், ஆசிரியர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி (நான்காம் ஆண்டு ஆசிரியை, தோட்டப் பள்ளி): கணிதத்தில் ஒரு மாணவனின் தொடக்கப் புள்ளி, அதாவது டி.ஓ.வி., 44. ஹெட்கவுண்டில், அதாவது மாணவர்வாரி இலக்குப் பட்டியலில், இலக்கை எப்படிப் போடுவது சார்?

பதில்: எல்லாருக்கும் 'பத்து கூட்டு' என்று எக்செலில் இழுத்து விடாதீங்க டீச்சர். 95 எடுத்தவளுக்கு 105 வந்து நிற்கும். இவனுக்கு ஆண்டிறுதி யு.ஏ.எஸ்.ஏ. தேர்வில் பி தரத்தின் வாசல் 66. அதை இ.டி.ஆர்., அதாவது ஆண்டிறுதி இலக்கு, ஆக வைத்தால் இடைவெளி 22. நடுவில் ஒரு சோதனை என்றால் பாதியைக் கூட்டி 55 அந்தச் சோதனையின் இலக்கு.

அவன் 51 எடுத்தால்? டி-யிலிருந்து சி-க்கு ஏறிவிட்டான், ஆனாலும் நான்கு மதிப்பெண் பின்தங்கியிருக்கிறான். தரத்தை மட்டும் பார்த்தால் இது தெரியாது. விடைத்தாளைப் பிரித்து, அந்த நான்கு எங்கே போனது என்று பாருங்க. பின்னத்திலா, பிரச்சனைக் கணக்கிலா? கணக்கிடத் தெரிந்தும் கேள்வியை வாசித்துப் புரிந்துகொள்ளாதவனுக்கு இன்னும் பத்துப் பயிற்சித்தாள் கொடுப்பது வீண். தொடக்கச் சோதனை எளிதாக இருந்து, அடுத்தது கடினமாக இருந்தாலும் இதே சரிவு தெரியும். வகுப்பே மொத்தமாக இறங்கியிருந்தால் முதலில் தாளைச் சந்தேகிக்கணும்.

கேள்வி (அதே ஆசிரியை): வகுப்பில் எட்டே பேர். ஒருவன் சோதனைக்கு வரவில்லை. பூஜ்ஜியம் போடலாமா?

பதில்: கூடாது. ஏழு பேரின் கூட்டுத்தொகை 420 என்றால் சராசரி 60. பூஜ்ஜியத்தைச் சேர்த்தால் 52.5. யாரும் பின்தங்காமலேயே வகுப்பு சரிந்ததாகத் தெரியும். 'வரவில்லை' என்று குறித்து, மறுசோதனை வையுங்க. எட்டுப் பேரில் ஒருவர் 12.5 விழுக்காடு என்பதால், இந்த வகுப்புக்குத் தேர்ச்சி விழுக்காட்டை விடப் பெயர்வாரிப் பட்டியலே உதவும். மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்ப விழுக்காடு கேட்டால், அனுப்பிவிட்டுப் பட்டியலைக் கையில் வைத்துக்கொள்ளுங்க.

கேள்வி (தாயார்): மகள் இரண்டாம் ஆண்டு. அறிக்கையில் கணிதத்துக்கு 3 என்று இருக்கு. ஆறில் மூன்று, பாதி மதிப்பெண்தானா ஐயா?

பதில்: இல்லைம்மா. அது மதிப்பெண்ணே இல்லை, வகுப்பறை மதிப்பீட்டின் அடைவுநிலை. மூன்று என்றால் எதிர்பார்க்கப்படும் குறைந்தபட்ச நிலையை எட்டிவிட்டாள்: தெரியும், புரியும், செய்யவும் முடியும். நான்குக்கு என்ன வேண்டும் என்று டீச்சரிடம் கேளுங்க. பெரும்பாலும் அன்றாட வாழ்க்கைக் கணக்குகளைத் தானே தீர்ப்பதுதான். கடையில் பத்து வெள்ளி கொடுத்தால் பாக்கி எவ்வளவு என்று அவளையே சொல்ல வையுங்க.

கேள்வி (தந்தை): பெரியவன் படிக்கும் இடைநிலைப் பள்ளியில் எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவ அரசுத் தேர்வு) பாடச் சராசரி 5.2-இலிருந்து 4.9-க்கு இறங்கியதாம். மோசமா?

பதில்: முன்னேற்றம்தான். அங்கே ஏ பிளஸ் 0, தோல்வி 9. எண் குறைந்தால் நல்லது. ஆனால் இது இரண்டு வேறு வேறு ஆண்டுப் பிள்ளைகளின் ஒப்பீடு. உங்கள் மகனுக்கு அவனுடைய டி.ஓ.வி. எவ்வளவு என்று கேட்டு வாங்குங்க.