சிறிய ஜீப்புக்குப் பெரிய டயர்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 2023-இல் வாங்கிய ஐந்து கதவு மாருதி ஜிம்னி ஜீப் என்னிடம் இருக்கிறது, மேனுவல் கியர். வாரத்தில் நான்கு நாள் போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போய்வருகிறேன். தோட்டத்துக்குள் கடைசி மூன்று கிலோமீட்டர் கல்லும் சேறுமான பாதை. மழை பிடித்துவிட்டால் சக்கரத் தடம் பள்ளமாகி, நடுமேட்டில் வண்டியின் அடி இடிக்கிறது. 235/75 ஆர்15 டயர் போட்டால் வண்டி உயர்ந்துவிடும் என்று டயர்க் கடையில் சொல்கிறார்கள். போடலாமா?
– ஏலத்தோட்டக்காரர், போடிநாயக்கனூர்

பதில்: கடைக்குப் போவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். மழையில் தோட்டத்துக்குப் போய்வந்த மறுநாள் காலை, வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சாக்கு விரித்து அடியில் படுத்து, டார்ச் அடித்து, புதிதாகச் சிராய்த்த இடம் எது என்று பாருங்கள். எது இடிக்கிறது என்று தெரியாமல் டயர் வாங்குவது, நோய் தெரியாமல் மருந்து வாங்குவது போன்றது. ஜிம்னியில் முன்னும் பின்னும் இரு சக்கரங்களை இணைக்கும், இரும்புக் குழாய் போன்ற ஒரே நீள ஆக்ஸில். அதில் டிஃபரன்ஷியலின், அதாவது திருப்பத்தில் இரு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கரத் தொகுப்பின், உருண்டைக் கூடு தரைக்கு மிக அருகில் தொங்குகிறது. சிராய்ப்பு அந்தக் கூட்டில் இருந்தால், ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் பயன் இல்லை. ஸ்பிரிங் உயர்த்துவது சேஸையும் பாடியையும்தானே தவிர, ஆக்ஸிலை அன்று. ஆக்ஸிலைத் தரையிலிருந்து தூக்குவது டயர் ஒன்றே. சிராய்ப்பு வண்டியின் நடுவயிற்றில் இருந்தால் கதை வேறு. ஐந்து கதவு வண்டியில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி 2590 மி.மீ.; மூன்று கதவு ஜிம்னியில் அது 2250 மி.மீ.தான். அந்தக் கூடுதல் நீளத்தால்தான் மேட்டைக் கடக்கும்போது வயிறு தட்டுகிறது.

சிராய்ப்பு கூட்டில்தான் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு கணக்கைப் பார்ப்போம். உங்கள் வண்டியோடு வந்த டயர் 195/80 ஆர்15. அகலம் 195 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 80 சதவீதம், அதாவது 156 மி.மீ.; 15 அங்குல ரிம் 381 மி.மீ. மேலும் கீழுமாக இரண்டு சுவரையும் ரிம்மையும் கூட்டினால் மொத்த விட்டம் 693 மி.மீ. இதே முறையில் 235/75 ஆர்15 டயருக்கு 733 மி.மீ.க்குச் சற்று மேல் வரும். வித்தியாசம் 40 மி.மீ.; ஆக்ஸில் உயர்வது அதில் பாதி, 20 மி.மீ. மட்டுமே. கடைக்காரர் சொல்லும் ‘உயர்ந்துவிடும்’ என்பதன் முழு அளவு இதுதான். இடையில் உள்ள 215/75 ஆர்15 டயருக்கு விட்டம் 703 மி.மீ.; அதில் கிடைக்கும் உயரம் ஒரு பென்சிலின் தடிமன்கூட இல்லை.

அந்த 20 மி.மீ.க்கு என்ன விலை கொடுக்கிறீர்கள் என்பதையும் பார்க்க வேண்டும். டயரின் சுற்றளவு ஏறக்குறைய 6 சதவீதம் கூடுகிறது. எல்லா கியரும் அதே அளவுக்கு ‘நீண்டு’விடும், சக்கரம் தரையைத் தள்ளும் விசை ஐந்தரை சதவீதம் குறையும். ஜிம்னியின் 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் தரும் உச்ச முறுக்குவிசை 134 நியூட்டன் மீட்டர், அதுவும் நிமிடத்துக்கு 4000 சுற்றில். கொண்டை ஊசி வளைவில், பின்னால் இரண்டு மூட்டை ஏலக்காயும் மூன்று ஆளுமாக இரண்டாவது கியரில் திணறாமல் ஏறிய வண்டி, இனி முதல் கியருக்கு இறக்கச் சொல்லும். இறக்கத்தில் இதே கணக்கு தலைகீழாக நிற்கிறது: கியரில் பிடிக்கும் இன்ஜின் பிரேக் அதே அளவு குறைகிறது, காலால் மிதிக்கும் பிரேக் அதே அளவு கூடுதல் விசையைத் தாங்க வேண்டியிருக்கிறது. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் என்ற அமைப்பில், கனமான டயரோடு போடிமெட்டிலிருந்து இறங்கும் ஒருவர் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நான் மிகவும் கவலைப்படுவது இந்த இடத்தில்தான்.

அடுத்தது உரசல். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறிய ஜீப்பில் 235 டயரைப் பொருத்தி, தரையில் நின்றபடியே ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுவதுமாக ஒடித்துப் பார்த்துவிட்டு, எங்கும் இடிக்கவில்லை என்று நம்பிப் புறப்பட்டேன். மலையேறி மூன்றாவது வளைவில், இடது சக்கரம் பள்ளத்தில் இறங்க வலது சக்கரம் மேலே எழும்பியபோது, மரத்தை அரம் கொண்டு இழைப்பது போன்ற ஒரு சத்தம் வந்தது. இறங்கிக் குனிந்து பார்த்தால், ஆக்ஸிலைச் சேஸோடு இணைக்கும் நீளமான இரும்புக் கையில் கறுப்பு ரப்பர் இழுவியிருந்தது. மட்கார்டின் உள்ளே இருந்த பிளாஸ்டிக் உறை ஒரு மூலையில் கிழிந்திருந்தது. சமதரைச் சோதனை எதையும் காட்டாது என்று அன்று கற்றுக்கொண்டேன். இப்போது செய்வது இது: டயரின் தோள்பட்டையில் சுண்ணக்கட்டியை நன்றாகத் தேய்த்துவிட்டு, ஒரு முன் சக்கரத்தை முழங்கால் உயரத் திண்டில் மெதுவாக ஏற்றி, அந்த நிலையிலேயே இரு பக்கமும் ஒடித்துப் பார்க்கிறேன், பின்னர் மறு சக்கரத்துக்கும் அப்படியே. வெள்ளை எங்கே ஒட்டியிருக்கிறதோ அங்கே டயர் உரசும். ஜிம்னியில் உள்பக்கம் அந்த இரும்புக் கையிலும், வெளிப்பக்கம் முன் பம்பரின் பின்விளிம்பிலும் பாருங்கள்.

உரசலைத் தவிர்க்க ஸ்பிரிங்கை உயர்த்துவார்கள். உயர்த்தினால் முன் ஆக்ஸில் சற்றுத் திரும்பி, சக்கரத்தை நேராக நிற்கவைக்கும் கேஸ்டர் என்னும் சாய்வுக் கோணம் குறைந்து, நேர்சாலையில் ஸ்டீயரிங் அலையும். அதைச் சரிசெய்ய, இணைப்புகளில் பொருத்தும் ரப்பர் புஷ் தனியாக வேண்டும். ஆக்ஸிலைச் சேஸோடு குறுக்காக இணைக்கும் பக்கவாட்டுத் தண்டு இழுப்பதால் ஆக்ஸில் ஒரு பக்கம் நகரும். பிரேக் ஹோஸின் நீளம் போதாமல் போகலாம். ரிம்மின் கதையும் இருக்கிறது. உங்கள் ரிம் ஐந்தரை அங்குல அகலம். 235 டயருக்குக் குறைந்தது ஆறு அங்குலம் வேண்டும். குறுகிய ரிம்மில் அகலமான டயரை ஏற்றினால் பக்கச்சுவர்கள் உள்ளே இடுங்கி, நடுப்பகுதி புடைத்து, நடுப் பட்டன் முதலில் தேய்ந்துவிடும். ஆகவே டயரோடு தொடங்கிய செலவு ரிம், ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், புஷ் என்று நீளும். இத்தனையும் செய்தபின் சட்டம் குறுக்கே வரும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் வரையறுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டில் தகராறு எழ இடம் உண்டு.

என் முடிவைக் கேட்டால், உங்கள் பயன்பாட்டுக்கு 235 வேண்டாம். அதே 195/80 அளவிலோ, ரிம்மை மாற்றாமல் ஏறும் 215/75 அளவிலோ, பட்டன் ஆழமான ஆல்-டெரெய்ன் (தார்ச் சாலைக்கும் கரடுமுரடான பாதைக்கும் பொதுவான) டயர் ஐந்தையும் வாங்குங்கள். சேற்றில் உங்களுக்கு இன்று குறைவது உயரத்தைவிடப் பிடிமானம்தான் என்று நினைக்கிறேன். தோட்டப் பாதையில் இரண்டு தடத்திலும் சக்கரத்தை இறக்கி ஓட்டாமல், ஒரு பக்கச் சக்கரங்களை நடுமேட்டின் மேலும் மறுபக்கத்தை ஓரத்திலும் ஏற்றி ஓட்டுங்கள். வழுக்கும் ஈரத்தில் இதற்கு நிதானம் வேண்டும். 4எல்-இல், அதாவது நான்கு சக்கர இழுவையின் மெதுவான நிலையில், இரண்டாவது கியர் போட்டால் அந்த நிதானம் தானாக வரும். இந்த ஒரு பழக்கம், நீங்கள் வாங்க நினைக்கும் 20 மி.மீ.யைவிட அதிகமாகக் கூட்டைக் காப்பாற்றும். அதன்பின்னும் இடித்தால், கூட்டுக்கு அடியில் ஓர் இரும்புக் கவசத் தகடு போட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: என்னுடைய பழைய மாருதி ஜிப்ஸி கிங் ஜீப்பில் 205/70 ஆர்15 டயர் இருக்கிறது. பவர் ஸ்டீயரிங் இல்லை. பார்ப்பதற்குச் சக்கரம் சின்னதாகத் தெரிகிறது. எந்த அளவு வரை போகலாம்?
– வாசகர், கொடைக்கானல்

பதில்: உங்கள் கண் தவறவில்லை. அந்த டயரின் விட்டம் 668 மி.மீ.தான், ஜிம்னியின் டயரைவிடச் சிறியது. முன்பு ஜிப்ஸியில் வந்த எஃப்78-15 என்னும் பழைய வகை டயர் இதைவிடப் பெரியது. அதனால் 215/75 ஆர்15 போடுவது, வண்டியை அதன் பழைய உயரத்துக்கு ஏறக்குறையத் திருப்பிக் கொண்டுவருவதே ஆகும். இதை மனநிறைவோடு பரிந்துரைக்கிறேன். 235/75 போட்டால் கிட்டத்தட்ட 10 சதவீதம் கூடும். 1.3 லிட்டர் இன்ஜினுக்கு அது சுமை. உங்கள் தோளுக்கு அதைவிடச் சுமை. நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கை ஒடிக்கும் ஒவ்வொரு முறையும் சக்கரம் திரும்பும் அச்சிலுள்ள கிங்பின் பேரிங்கும், சக்கரங்களைத் திருப்பும் டை ராட் தண்டின் முனைகளும் அந்த விசையை வாங்குகின்றன. டயர் மாற்றும் முன் முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் முதலில் வீல் பேரிங்கையும் கிங்பின் பேரிங்கையும் கவனியுங்கள். இல்லாவிட்டால் கனமான டயர் ஏறிய மறுநாளே 60 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கத் தொடங்கும்.

கேள்வி: பணம் போதாததால் பின்னால் இரண்டு மட்டும் பெரிய டயர் போட்டு, முன்னால் பழையதையே வைத்துக்கொள்ளலாமா?
– வாசகர், ஏற்காடு

பதில்: கூடவே கூடாது. இத்தகைய சிறிய ஜீப்களில் நான்கு சக்கர இழுவையைப் போட்டதும் முன் ஆக்ஸிலும் பின் ஆக்ஸிலும் ஒரே வேகத்தில் பூட்டப்படுகின்றன. நடுவில் வித்தியாசத்தைச் சமன்செய்யும் டிஃபரன்ஷியல் கிடையாது. விட்டம் வேறுபட்டால் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டும் ஒன்றையொன்று இழுத்து, இன்ஜின் விசையை முன்னும் பின்னும் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கேறி உடையும். ஸ்டெப்னியும் அதே அளவில் இருக்க வேண்டும் என்பதால்தான் ஐந்து டயர் என்று மேலே எழுதினேன்.

கேள்வி: 195/80 ஆர்15-க்குப் பதிலாக 235/75 ஆர்15 ஏற்கெனவே போட்டுவிட்டேன். மைலேஜ் 14-க்கு இறங்கிவிட்டது. காற்று எவ்வளவு வைக்க வேண்டும்?
– வாசகர், வால்பாறை

பதில்: மைலேஜ் நீங்கள் நினைக்கும் அளவுக்கு இறங்கவில்லை. பெரிய டயர் ஒரு சுற்றில் கூடுதல் தூரம் போகிறது. மீட்டருக்கு அது தெரியாது. மீட்டர் 1000 கிலோமீட்டர் காட்டும்போது நீங்கள் உண்மையில் 1058 கிலோமீட்டர் ஓடியிருக்கிறீர்கள். ஆகவே 14 என்று கணக்கிட்டது உண்மையில் 14.8. இதே காரணத்தால் மீட்டரில் 80 காட்டும்போது நீங்கள் 84-க்கு மேல் போய்க்கொண்டிருக்கலாம், கைபேசியின் ஜி.பி.எஸ். வேகத்தோடு ஒருமுறை ஒப்பிட்டு, வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

காற்றுக்கு, கதவோரம் ஒட்டியிருக்கும் தாளில் உள்ள அளவிலிருந்தே தொடங்குங்கள். தார்ச் சாலையில் ஈரமான சுண்ணக்கட்டியால் டயரின் குறுக்கே ஒரு பட்டைக் கோடு போட்டு, நேராக நூறு மீட்டர் ஓட்டிப் பாருங்கள். நடுவில் மட்டும் கோடு அழிந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரம் மட்டும் அழிந்தால் குறைவு. இரண்டிரண்டு பாயின்ட்டாக (பி.எஸ்.ஐ.) மாற்றி, கோடு முழுவதும் ஒரே சீராக அழியும் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். சேற்றுப் பாதையில் 18 பாயின்ட் வரை இறக்கலாம். டயர் தரையில் நீளமாகப் படிந்து பிடிக்கும், ஆனால் வண்டியும் சில மில்லிமீட்டர் தாழும். அதற்குக் கீழே இறக்கினால், திருப்பத்தில் டயரின் விளிம்பு ரிம்மிலிருந்து கழன்றுவிடும் ஆபத்து உண்டு. 12 வோல்ட் கம்ப்ரஸர் ஒன்றை வண்டியிலேயே வைத்திருங்கள். தார்ச் சாலையில் ஏறும் முன் நான்கிலும் காற்றை நிரப்பிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.