மேத்ஸ் லிட் தாளில் இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்

அன்புள்ள தங்கச்சிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி முடிந்து காரில் வரும்போது, "அம்மா, விஷக் கழிவையும் பெட்ரோல் டாங்கையும் சோதனை போடுற அரசாங்க வேலைக்குத்தான் நான் போவேன்" என்று மகள் சொன்னதாகவும், அன்றிரவு உங்களுக்குத் தூக்கமே வரவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். டாக்டராகட்டும், இல்லாவிட்டால் அக்கவுண்டன்டாவது ஆகட்டும் என்று நீங்கள் ஆசைப்பட, பிள்ளை குப்பையையும் விஷத்தையும் தேடிப் போகிறாளே என்ற கலக்கம் புரிகிறது. கூடவே, கணக்கில் மார்க் குறைந்ததால், அன்றாடக் கணக்கை மட்டும் சொல்லித்தரும் மேத்ஸ் லிட் பாடத்துக்கு மாற்றிவிடலாம் என்று பள்ளியில் ஒரு தாள் கொடுத்திருப்பதைக் கடைசி வரியில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். என்னைக் கலங்க வைத்தது அந்தக் கடைசி வரிதான். மற்றதெல்லாம் உட்கார்ந்து பேசினால் தீரும்.

தென்னாப்பிரிக்காவில், அதுவும் டர்பனின் மெரிபேங்கில் வளர்ந்த பிள்ளைக்கு இந்த எண்ணம் வந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. ஒரு பக்கம் சாப்ரெஃப் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, மறுபக்கம் எஞ்சன் ஆலை, நடுவில் நம் வீடுகள். செட்லர்ஸ் பிரைமரி பள்ளியில் 2002-இல் ஆய்வு செய்தபோது பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஆஸ்துமா அறிகுறி இருந்தது. அதற்கு முந்தைய வருடம்தான் சாப்ரெஃப் ஆலையிலிருந்து துறைமுகத்துக்குப் போகும் நிலத்தடிக் குழாய் கசிந்து, 10 லட்சம் லிட்டருக்கு மேல் பெட்ரோல் மண்ணுக்குள் போனது தெரியவந்தது. 2007 செப்டம்பரில் துறைமுகத்தின் ஐலண்ட் வியூ எண்ணெய்க் கிடங்குப் பகுதியில் டாங்க் வெடித்து எரிந்தது. 2020 டிசம்பர் 4 காலை எஞ்சன் ஆலை வெடித்த சத்தத்தை உங்கள் மகளே கேட்டிருப்பாள். இன்று இரண்டு ஆலையிலும் சுத்திகரிப்பு நின்றுவிட்டது. ஆனால் டாங்குகள் எங்கேயும் போகவில்லை. எண்ணெய் கப்பலில் வருகிறது, தேங்குகிறது, லாரியில் போகிறது. அதைக் கண்காணிக்க ஆள் வேண்டும்தானே?

சரி, உங்கள் பயத்துக்கு வருகிறேன். பிள்ளை விஷத்தைக் கையால் தொட்டுக்கொண்டிருப்பாள் என்று நினைக்கிறீர்கள். டிரம்மைத் தூக்குவது ஆய்வாளரின் வேலை இல்லை. அந்த டிரம்மில் என்ன இருக்கிறது, லேபிள் சரியா, பக்கத்தில் வைக்கக்கூடாத பொருள் இருக்கிறதா, எந்த லாரியில் எங்கே போயிற்று, போய்ச் சேர்ந்த இடத்தில் வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்து இருக்கிறதா என்று பார்ப்பவர் அவர். முக்கால்வாசி வேலை காகிதம், கால்வாசி கண்ணும் மூக்கும். மாதிரி எடுக்க வேண்டிய நாளில் முகமூடி, கையுறை, பயிற்சி எல்லாம் உண்டு. ஆபத்தே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கேட்டோ ரிட்ஜில் 1990-களின் தொடக்கத்தில் பாதரசக் கழிவு ஆலையில் நஞ்சேறி விழுந்தவர்கள் ஆய்வாளர்கள் அல்ல, உள்ளே வேலை பார்த்த சாதாரணத் தொழிலாளிகள். கேள்வி கேட்பவர் நேரத்துக்கு உள்ளே வராத இடத்தில்தான் அப்படி நடக்கிறது.

2021 ஜூலை கலவரத்தின்போது கார்னுபியாவில் வேளாண் வேதிப்பொருள் கிடங்கு எரிந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நாள் கணக்கில் புகை. தீயணைக்க அடித்த தண்ணீர் விஷத்தோடு சேர்ந்து ஓலாங்கா ஆற்றில் இறங்கி மீன்கள் செத்து மிதந்தன, வடக்குக் கடற்கரைகளை மூடினார்கள். உள்ளே என்னென்ன இருந்தது என்ற பட்டியல் ஜனங்களுக்குத் தெரியவே நாட்கள் ஆயின. அவ்வளவு பெரிய கிடங்குக்கு முறையான சுற்றுச்சூழல் அனுமதி இல்லை என்பது பிறகு விசாரணையில் வெளிவந்தது. தீப்பிடிக்கும் முன்பே யாராவது ஒருவர் கையில் கோப்போடு அந்தக் கதவைத் தட்டியிருந்தால்? உங்கள் மகள் கேட்பது அந்த வேலையைத்தான்.

இந்த வேலை ஒரே அலுவலகத்தில் இல்லை. பிள்ளைகள் பலர் குழம்புவது இங்கேதான், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நம் குவாசுலு-நடாலில் சுற்றுச்சூழலைக் கவனிப்பது பொருளாதார வளர்ச்சி, சுற்றுலா, சுற்றுச்சூழல் எல்லாம் சேர்ந்த ஒரே மாகாணத் துறை. எரிபொருள் கிடங்குக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தருவது பெரும்பாலும் அவர்கள். ஆபத்தான கழிவைக் கையாளும் உரிமம் மட்டும் பிரிட்டோரியாவில் உள்ள தேசியத் துறையிடமிருந்து வரவேண்டும். தீப்பிடிக்கும் பொருளைச் சேமிக்கச் சான்றிதழ் தருவது டர்பனின் ஈத்தெக்வினி நகரசபையின் தீயணைப்புத் துறை. பெரிய வெடிவிபத்து நேரக்கூடிய தொழிற்கூடங்களைத் தொழிலாளர் துறை பார்க்கிறது. பூச்சிமருந்து போன்ற நச்சுப் பொருட்கள் கடைகளில் எப்படி விற்கப்படுகின்றன என்பதைச் சோதிப்பது மாகாணச் சுகாதாரத் துறையின் சுற்றுச்சூழல் சுகாதார அலுவலர்கள். 2024 அக்டோபரில் சோவெட்டோவில் டெர்புஃபாஸ் என்ற பூச்சிமருந்தால் ஆறு பிள்ளைகள் இறந்தார்களே, அதற்குப் பிறகு ஸ்பாசா என்கிற சின்னப் பெட்டிக்கடைகளில் கடை கடையாக ஏறி இறங்கியவர்களில் இவர்களும் உண்டு.

சுற்றுச்சூழல் மேலாண்மை ஆய்வாளர் என்று நியமிக்கப்பட்டவர்களைத்தான் ஜனங்கள் கிரீன் ஸ்கார்பியன்ஸ் என்கிறார்கள். 1998-ஆம் வருடச் சுற்றுச்சூழல் சட்டம் அவர்களுக்கு உள்ளே நுழைய, கேள்வி கேட்க, ஆவணத்தைக் கைப்பற்ற, உத்தரவு போட அதிகாரம் தருகிறது. அந்தச் சட்டத்தில் கடுமையான குற்றங்களுக்கு 1 கோடி ராண்ட் வரை அபராதம் அல்லது 10 வருடம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் விதிக்கலாம். சின்ன வேலை என்று நினைத்துவிடாதீர்கள்.

இனி கணக்கு விஷயம். ஒரே ஒரு உதாரணம் சொல்கிறேன். நம் ஊர் கராஜ்களில், அதாவது பெட்ரோல் பங்குகளில், பெட்ரோல் பூமிக்கு அடியில் டாங்குகளில் இருக்கிறது. ஒரு டாங்க் பெரும்பாலும் 23,000 லிட்டர். ஓரிடத்தில் புதிதாகச் சேமிக்கும் ஆபத்தான பொருள் 80 கன மீட்டரை, அதாவது 80,000 லிட்டரைத் தொட்டால், முதலில் சுற்றுச்சூழல் மதிப்பீடு செய்யவேண்டும். 500 கன மீட்டரைத் தாண்டினால் இன்னும் விரிவான மதிப்பீடு. மூன்று டாங்க் போட்டால் 69,000. நாலாவது டாங்க் புதைத்தால் 92,000. வரைபடத்தில் மூன்று காட்டிவிட்டு, நாலாவது குழிக்கு இடம் விட்டிருக்கிறார்களா என்று பார்க்கத் தெரிந்தவர்தான் நல்ல ஆய்வாளர்.

என்னிடம் சாட்ஸ்வர்த்தில் ஃபிசிக்கல் சயின்ஸ் படித்த பெண் ஒருத்தி இப்போது இந்தத் துறையில் இருக்கிறாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கராஜுக்குப் போயிருக்கிறாள். கராஜில் தினமும் காலையில் டாங்குக்குள் அளவுக் கோலை இறக்கி, எத்தனை லிட்டர் இருக்கிறது என்று குறிப்பேட்டில் எழுதவேண்டும். நேற்றைய இருப்பு, அதோடு லாரி ஊற்றியது, அதில் விற்றது கழித்தால் இன்றைய இருப்பு வரவேண்டும். 14,200 இருந்தது, 10,000 வந்தது, 6,500 விற்றது, ஆக 17,700 இருக்கவேண்டும். கோல் 17,640 காட்டினால் 60 லிட்டர் குறைவு. ஒரு நாள் குறைந்தால் வெயில், குளிர், கை தவறியது என்று விடலாம். ஒவ்வொரு நாளும் 60 குறைந்தால் மாதத்துக்கு 1,800 லிட்டர் எங்கேயோ போகிறது. எங்கே? யாருடைய கிணற்றுக்கு, யாருடைய சாக்கடைக்கு? பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு ஊர்ந்து, பள்ளம் இருக்கும் இடத்தில் தேங்கி, ஒரு பொறிக்காகக் காத்திருக்கும்.

அவள் பார்த்த குறிப்பேட்டில் குறைவே இல்லை. எல்லா நாளும் லிட்டர் பிசகாமல் சரி. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரே பேனா, ஒரே சாய்வு, எண்ணெய்க் கறை ஒன்றுகூட இல்லை. புரட்டிக்கொண்டே வந்தவள் ஜூன் மாதத்தில் நிறுத்தினாள். ஜூன் 30-க்குக் கீழே இன்னொரு வரி, ஜூன் 31, அதற்கும் ஓர் அளவு. அங்கேயே கோலை இறக்கச் சொல்லியிருக்கிறாள். உங்கள் மகளிடம் இதைச் சொல்லுங்கள். கண் விரிகிறதா என்று பாருங்கள்.

கூட்டல் கழித்தலுக்கு மேத்ஸ் லிட் போதுமே என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் குறிப்பேட்டுக்குப் போதும், உண்மை. ஆனால் கசிந்த பெட்ரோல் மண்ணுக்குள் எவ்வளவு வேகத்தில் நகரும், தடுப்புச் சுவர் எவ்வளவு உயரம் இருந்தால் பெரிய டாங்கின் கொள்ளளவில் 110 சதவீதத்தைத் தாங்கும், எந்த இரண்டு கழிவைச் சேர்த்தால் சூடேறிப் புகையும் என்பதையெல்லாம் படிக்கும் படிப்புகளின் வாசலில் நிஜக் கணக்கும் ஃபிசிக்கல் சயின்ஸும் நிற்கின்றன. கிரேடு 10-இல் மேத்ஸை விட்டவள் மேட்ரிக் என்ற பள்ளி இறுதித் தேர்வில் எத்தனை டிஸ்டிங்ஷன் வாங்கினாலும் கெமிக்கல் இன்ஜினியரிங் கதவு திறக்காது. மருத்துவக் கதவும் அப்படித்தான். நீங்கள் ஆசைப்பட்டதும் அவள் ஆசைப்பட்டதும் ஒரே கையெழுத்தில் போய்விடும். பள்ளிகள் தங்கள் தேர்ச்சி விகிதம் குறையக்கூடாது என்று பிள்ளைகளை மேத்ஸ் லிட் பக்கம் தள்ளுவதை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அதில் எனக்குக் கோபம்கூட உண்டு. மேத்ஸில் 45 சதவீதம் என்பது நோய் அல்ல. கிரேடு 8, 9 பாடத்தில் எங்கே இடறினாள் என்று கண்டுபிடித்து அங்கிருந்து சரிசெய்ய வேண்டும். பெரும்பாலும் பின்னமும் சமன்பாடும்தான்.

எந்தப் படிப்பு என்று கேட்டிருந்தீர்கள். என் மனதில் முதலில் நிற்பது சுற்றுச்சூழல் சுகாதாரம். டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் உம்லாசியில் உள்ள மங்கோசுத்து பல்கலைக்கழகத்திலும் இருக்கிறது. நாலு வருடப் படிப்பு, பிறகு ஒரு வருடம் சமூக சேவைப் பணி, அப்புறம் சுகாதாரத் தொழில் கவுன்சிலில் பதிவு. டாக்டர்கள் பதிவு செய்யும் அதே கவுன்சில், இதை உங்கள் மாமியாரிடமும் சொல்லலாம். பின்னால் ஒரு பதிவு நிற்கும் படிப்பைத்தான் நான் எப்போதும் விரும்புவேன். பெயர் அழகாக இருந்து பதிவு எதுவும் இல்லாத டிகிரிகளை முடித்த பிள்ளைகள் அலைவதைப் பார்த்திருக்கிறேன். மார்க் ஏறினால் கெமிக்கல் இன்ஜினியரிங், அது இன்னும் அகலமான கதவு. வேதியியல், சுற்றுச்சூழல் அறிவியல், நிலவியல் படித்தவர்களையும் துறைகள் எடுக்கின்றன, அவர்களுக்கும் அறிவியலாளர் கவுன்சிலில் பதிவு உண்டு. நம் மாகாணத்தில் விண்ணப்பம் மத்திய விண்ணப்ப அலுவலகம் வழியாகப் போகும். குடும்ப வருமானம் வருடத்துக்கு 350,000 ராண்டுக்குள் இருந்தால் அரசாங்க மாணவர் நிதி உதவியான என்எஸ்ஃபாஸுக்கும் எழுதிப் போடுங்கள்.

இன்னொரு கேள்வியை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனதில் இருக்கும். நம்மவர்களுக்கு அரசாங்கத்தில் இடம் கிடைக்குமா? வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டத்தில் கறுப்பினத்தவர் என்ற சொல்லுக்குள் இந்திய வம்சாவளியினரும் அடக்கம். ஆனால் ஒவ்வொரு துறையும் தன் இலக்குப்படி ஆள் எடுக்கும், சில இடங்களில் கதவு குறுகலாகத்தான் இருக்கும். அதை மறைத்து உங்களைத் தேற்ற நான் விரும்பவில்லை. விளம்பரம் வந்து, விண்ணப்பித்து, நேர்காணல் முடிந்து ஆணை கையில் வரவும் மாதக்கணக்கில் ஆகும். அதனால்தான் பதிவு முக்கியம் என்கிறேன். அரசாங்கம் எடுக்கத் தாமதித்தால் துறைமுகத்தின் டாங்க் நிறுவனங்களும் கழிவு நிறுவனங்களும் சுற்றுச்சூழல் ஆலோசனை அலுவலகங்களும் அதே படிப்பைத்தான் கேட்கின்றன. அங்கே மூன்று வருட அனுபவம் சேர்த்துக்கொண்டு அரசாங்கத்துக்கு வருபவர்கள் நிறையப் பேர். அரசாங்கத்திலேயே பட்டதாரிகளுக்கான இன்டர்ன்ஷிப் வரும்போது விடக்கூடாது. அரசுப் பணி விளம்பரச் சுற்றறிக்கையையும் இசட் 83 என்ற அரசு வேலை விண்ணப்பப் படிவத்தையும் இப்போதே ஒரு முறை அவளுக்குக் காட்டுங்கள். விளம்பரம் என்னென்ன தகுதி கேட்கிறது என்று அவளே படிக்கட்டும்.

அதில் இரண்டு விஷயம் திரும்பத் திரும்ப வரும். ஒன்று, டிரைவிங் லைசென்ஸ். இந்த வேலையில் மாகாணத்தின் தொலைவான ஊர்களான நாங்கோமாவும் நியூகாசிலும் ஒரே வாரத்தில் வரலாம். 17 வயதில் லேர்னர்ஸ் எழுதலாம், 18-இல் லைசென்ஸ் எடுக்கலாம். பெண் பிள்ளை தனியாக அவ்வளவு தூரம் ஓட்டுவதா என்று தள்ளிப் போடாதீர்கள். இன்னொன்று ஸூலு மொழி. கிடங்கின் மேனேஜர் இங்கிலீஷில் அழகாகப் பேசுவார். டிரம்மை எங்கே கொட்டினார்கள் என்று உண்மையில் தெரிந்தவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர், அவர் வாய் திறப்பது ஸூலுவில். பள்ளியில் ஆஃப்ரிகான்ஸா ஸூலுவா என்று தேர்வு இருந்தால் ஸூலுவை எடுக்கச் சொல்லுங்கள்.

இதற்கிடையில் வீட்டிலேயே ஒரு பயிற்சி. கிச்சன் சிங்குக்குக் கீழேயும் உங்கள் வீட்டுக்காரரின் ஷெட்டிலும் இருக்கும் ஒவ்வொரு டப்பாவையும் அவள் எடுத்துப் பார்க்கட்டும். சிவப்பு விளிம்பு போட்ட சாய்சதுரக் குறிகள் எதில் இருக்கின்றன, ஒவ்வொன்றும் என்ன சொல்கிறது, எதை எதோடு வைக்கக்கூடாது என்று ஒரு நோட்டில் எழுதட்டும். பாராஃபினை, அதாவது மண்ணெண்ணெயைக் கூல்டிரிங்க் பாட்டிலில் ஊற்றி வைத்திருந்தால் அன்றே மாற்றுங்கள். இந்த நாட்டில் எத்தனையோ குழந்தைகள் தண்ணீர் என்று நினைத்து அதைத்தான் குடித்திருக்கிறார்கள். பழைய கார் பேட்டரி, ட்யூப்லைட், கழிவு எண்ணெய் இவற்றை நீங்கள் எங்கே போடுகிறீர்கள் என்று அவள் கேட்டால் கோபப்படாமல் பதில் சொல்லுங்கள். அந்த நோட்டைப் பிற்பாடு நேர்காணலுக்கே கொண்டுபோகலாம், நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

கையெழுத்துக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்று எழுதியிருக்கிறீர்கள். வியாழக்கிழமை பள்ளிக்குப் போய், வருடக் கடைசிவரை அவள் மேத்ஸிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வாருங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் உடனே எனக்கு ஃபோன் செய்யுங்கள், நானும் வருகிறேன். இந்தச் சனிக்கிழமை நான் மெரிபேங்குக்கு வரவேண்டிய வேலை இருக்கிறது. தமிழ்ப் பள்ளி முடிந்ததும் அவளை நிறுத்தி வையுங்கள். கடைசி மேத்ஸ் பரீட்சைத் தாளையும் எடுத்துவரச் சொல்லுங்கள், மார்க் ஷீட் வேண்டாம், விடை எழுதிய தாள்தான் வேண்டும்.