கழிவு விறகில் கரி: கேட்டவர்களுக்குப் பதில்

இலங்கை மலைநாட்டில் வெலிமடைப் பக்கம் மரக்கறி வைக்கிறேன். கழித்த கொப்புகளைச் சுட்டுக் கரியாக்கி மண்ணில் போடுவது பற்றிக் கேளுங்கள்.

பண்டாரவளைத் தம்பி: பீப்பாய் வேணுமா அண்ணே?

வேண்டாம், குழி போதும். வாய் நாலரை அடி, ஆழம் மூன்றடி, கீழே போகப் போக ஒடுங்கவேண்டும். கொப்பு மணிக்கட்டை விட மொத்தமில்லாமல் நன்றாகக் காய்ந்திருக்கட்டும். அடியில் தீ மூட்டி, மேற்கொப்பில் வெள்ளைச் சாம்பல் பூக்கத் தொடங்கினதும் அடுத்த படையைப் போடுங்கள். மேலே எரிகிற சுவாலையே காற்றைத் தின்றுவிடும், அடியில் கிடக்கும் கரிக்குக் காற்று போகாது. சூட்சுமம் அவ்வளவுதான். புகைந்தால் விறகு ஈரம், இல்லாவிட்டால் நீங்கள் அவசரப்பட்டு அள்ளிக் கொட்டியிருக்கிறீர்கள்.

குழி நிறைந்ததும் தண்ணீர். தெளித்தால் காணாது, மூழ்கடிக்கவேண்டும். முதல் தடவை ஐந்து வாளி ஊற்றிவிட்டுப் போய்ப் படுத்தேன். விடிய வந்து பார்த்தால் குழி நிறையச் சாம்பல். தண்ணீரை முதலில் சுமந்து வைத்துவிட்டுத்தான் தீக்குச்சியைத் தொடுங்கள்.

கொட்டகலை: தேயிலையில வெட்டின கவ்வாத்துக் குச்சியைச் சுட்டுத் தேயிலைக்கே போடலாமா?

அவசரப்படாதீர்கள். தேயிலைக்குப் புளிப்பு மண் வேண்டும், பி.எச். 4.5 முதல் 5.5 வரை. கரி அந்தப் புளிப்பைக் குறைக்கும், சாம்பல் இன்னும் குறைக்கும். குச்சியை மலையிலேயே பரப்பி விடுங்கள், மண் கழுவிப் போகாது.

அதே கொட்டகலை: எங்க தாத்தா அடுப்புச் சாம்பல் போட்டுத்தானே வளர்த்தார்?

தாத்தா போட்டது வீட்டோரத்து நாலு செடிக்கு ஒரு கை. நீங்கள் கேட்பது மூட்டைக் கணக்கு.

ஹப்புத்தளை: 2021ல அரசாங்கம் ரசாயன உரத்தை நிப்பாட்டினப்போ இதைப் போட்டிருந்தா தப்பிச்சிருப்போமே?

இல்லை! கரி உரமல்ல, உரத்தைப் பிடித்து வைக்கும் பை. வெறும் பையைப் புதைத்தால் மண்ணிலுள்ள தழைச்சத்தை அதுவே இழுத்துக்கொள்ளும், லீக்ஸ் மஞ்சளடிக்கும். மாட்டு மூத்திரத்தில் ஊறவைத்து, மாட்டெருவோடு கலந்து, மூன்று கிழமையாவது மூடி வையுங்கள். அந்த வருடம் எங்களுக்கு இல்லாமல் போனது தழைச்சத்து. அதைக் கரி எங்கிருந்து கொண்டுவரும்?

ஹப்புத்தளை: அப்போ யூரியாவும் போடணுமா?

போடத்தான் வேண்டும். கரி கிடந்தால் மழையில் கரைந்து ஆற்றோடு போவது குறையும்.

பதுளை: எவ்வளவு கரி தேறும்?

100 கிலோ காய்ந்த விறகுக்கு 20 கிலோ சொச்சம்.

நுவரெலியா: பெயின்ட் அடித்த பழைய பலகை?

கூடாது. மருந்தடித்த மரமும் கூடாது.

நுவரெலியா: மிச்சத் தணலைக் குளிருக்கு லயத்து வீட்டுக் காம்பராவில வைக்கலாமா?

வைக்கவே வைக்காதீர்கள் அக்கா. தணலிலிருந்து வரும் நச்சுவாயுவுக்கு மணமில்லை, கண்ணுக்கும் தெரியாது. கதவைச் சாத்திப் படுத்தால் பிள்ளைகள் எழும்ப மாட்டார்கள்.

ஊவா பரணகம: ஆவணியில மூட்டலாமா?

அந்தக் காற்றிலா? மலைச்சரிவிலுள்ள பத்தனைப் புல் தீப்பற்றினால் உங்கள் வாளி எந்த மூலைக்கு? மழை பெய்து மண் நனையட்டும். தண்ணீரை முதலில் வையுங்கள்.

மஸ்கெலியா: பீப்பாய் இல்லாம செய்ய ஏலுமா?

முதல் பதில், தம்பி.

ஹட்டன்: தண்ணிக்குப் பதிலா மண்ணைப் போட்டு மூடினா?

ஒரு சின்ன இடைவெளி போதும், உள்ளே எரிந்துகொண்டே இருக்கும். இரண்டாம் வருடம் அதையும் செய்து பார்த்தேன். அந்தச் சாம்பலைத்தான் பக்கத்து வீட்டுக்காரர் கோவாச் செடிகளுக்கு அள்ளிக்கொண்டு போனார்.