வாசகர் கேள்வி: கும்பகோணம் எங்கே முடிகிறது?

கேள்வி: 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கும்பகோணத்தில் சுமார் 1.4 லட்சம் பேர். ஆனால் தாராசுரத்தைத் தாண்டியும் வீடுகளும் கடைகளும் தொடர்கின்றன. நகரம் உண்மையில் எங்கே முடிகிறது என்பதைக் கணக்கெடுப்பு எண்களைக் கொண்டே அறிய முடியுமா?
– கல்லூரி மாணவர், பாபநாசம்

பதில்: முடியும். ஆனால் நீங்கள் குறிப்பிடும் எண் அன்றைய நகராட்சி எல்லைக்குள் வசித்தவர்களை மட்டுமே காட்டுகிறது. தாராசுரம் அப்போது தனிப் பேரூராட்சியாக இருந்தது. எனவே வார்டுகளோடு சுற்றியுள்ள கிராமங்களின் எண்களையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

5,000 பேருக்குக் குறையாத மக்கள்தொகை, சதுர கிலோமீட்டருக்கு 400 பேர் என்ற நெருக்கம், ஆண் முதன்மைத் தொழிலாளரில் 75 சதவீதத்தினராவது விவசாயம் அல்லாத வேலையில் இருத்தல் ஆகிய மூன்றும் பொருந்தினால் ஒரு கிராமத்தைக் கணக்கெடுப்புத் துறை நகரமாக எண்ணும். தஞ்சை மாவட்டத்தின் சராசரி நெருக்கமே 2011-இல் 700 அளவில் இருந்ததால், இங்கே பெரும்பாலும் மூன்றாவது நிபந்தனைதான் முடிவு செய்கிறது. அதில் மிகுந்த கவனம் தேவை. ஆண்டில் 6 மாதத்துக்குக் குறைவாக வேலை கிடைத்தவர் குறு தொழிலாளராகப் பதிவாகி இக்கணக்கிலிருந்து விலகிவிடுவார். நடவும் அறுப்பும் குறைந்துபோன ஊர், சுற்றிலும் வயலாகவே இருந்தாலும், எண்களில் நகரச் சாயல் பெற்றுவிடக்கூடும்.

அடுத்து, விவசாயம் அல்லாத தொழிலாளர் விகிதத்தை ஊர்வாரியாக வரைபடத்தில் ஏற்றி, அருகருகே உள்ள ஊர்களின் மதிப்புகள் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்பதை அளக்கும் மொரான் குறியீட்டைக் கணக்கிடுங்கள். ஒத்த மதிப்புள்ள ஊர்கள் அருகருகே திரண்டிருந்தால் அது 1-ஐ நெருங்கும். எந்த ஒழுங்குமின்றிச் சிதறிக் கிடந்தால் பூஜ்யத்தை ஒட்டி நிற்கும். அத்திரள் எங்கே அறுபடுகிறது என்பதை, இடஞ்சார் புள்ளியியல் ஆய்வாளர் லுக் ஆன்செலின் 1995-இல் முன்வைத்த உள்ளூர் அளவீடு ஊர் ஊராகக் காட்டும்.

இம்முறையில் எந்த ஊருக்கு எது அண்டை என்பதை நீங்கள்தான் வரையறுக்க வேண்டும். பொதுவாக எல்லை தொடும் ஊர்களை அண்டையாகக் கொள்வதுண்டு. காவிரிக்கும் அரசலாற்றுக்கும் இடையில் அமைந்த கும்பகோணத்துக்கு அது பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து. வரைபடத்தில் ஒட்டியிருக்கும் இரு கரை ஊர்களுக்கு இடையே பாலம் இல்லையென்றால், வேலைக்கும் சந்தைக்கும் அவை தொலைவூர்களே. பாலங்களையும் சாலைத் தூரத்தையும் கொண்டு அண்டைமையை ஒருமுறையும், எல்லைத் தொடுகையைக் கொண்டு மற்றொருமுறையும் கணக்கிட்டு, இரண்டிலும் மாறாமல் நிற்கும் திரளையே நகரமாகக் கொள்ளுங்கள்.

2027 கணக்கெடுப்பின் எண்கள் வந்ததும் ஒப்பிட எண்ணினால், 2021-இல் நகராட்சி மாநகராட்சியாகி விரிவடைந்தபோது தாராசுரம் உள்ளே வந்துவிட்டதை மறவாதீர்கள். பழைய எண்களைப் புதிய எல்லைக்கு மாற்றி அடுக்கிய பிறகே வளர்ச்சி விகிதத்தைக் கணக்கிட வேண்டும்.