கொடுக்கப்பட்ட எழுத்துகள் அடங்கிய ஆங்கிலச் சொற்களைக் கண்டுபிடிப்பது எப்படி?

எல், ஐ, எஸ், டி, இ, என் (L, I, S, T, E, N) என்று ஆறு எழுத்துகளைக் கொடுத்து, ‘ஆங்கிலம் சரளமாக வராத நான் இவற்றிலிருந்து சொற்களை எப்படிக் கண்டுபிடிப்பது?’ என்று கேட்டிருக்கிறீர்கள். சரளம் பற்றிய அந்த வரிதான் என்னை எழுத வைத்தது. முன்பு வேலை பார்த்த இடத்தில் இடைவேளைகளில், எழுத்துக் கட்டைகளை அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்கிராபிள் ஆடுவோம். ஒருநாள் இதே ஆறு எழுத்துகளைக் கொண்டு நான் ‘டின்சல்’ என்று வைத்தபோது, எதிரில் இருந்தவர் அதன் பொருளைக் கேட்டார். எனக்குத் தெரியாது என்றதும், பொருள் தெரியாத சொல்லை வைப்பது அழுகுணி ஆட்டம் என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டார். விதியில் அப்படி எதுவும் இல்லை; ஏற்றுக்கொண்ட அகராதியில் சொல் இருந்தால் போதும். 2015இல் பிரெஞ்சு மொழி ஸ்கிராபிள் உலகப் போட்டியில் வென்ற நியூசிலாந்துக்காரர் நைஜல் ரிச்சர்ட்ஸுக்குப் பிரெஞ்சு பேசத் தெரியாது. அவரை யாரும் அழுகுணி என்று சொல்லவில்லை.

ஆறு வெவ்வேறு எழுத்துகளை 720 விதமாக அடுக்கலாம். அத்தனையையும் மனத்துக்குள் மாற்றி மாற்றிப் பார்ப்பது வீண் வேலை. அதைவிட, முதலில் அவற்றை அகரவரிசையில் எழுதுங்கள்: இ, ஐ, எல், என், எஸ், டி. ஒரே எழுத்துகளால் ஆன சொற்கள் அனைத்துக்கும் இந்த வரிசை பொதுவானது என்பதால், இதை ஒருமுறை பழகிவிட்டால் அதற்குரிய சொற்கள் எல்லாம் சேர்ந்தே நினைவுக்கு வரும். அடுத்து, ஒட்டுகளைப் பிரித்து வையுங்கள். எஸ்ஸைக் கடைசிக்கு ஒதுக்கினால் மீதி ஐந்தில் ‘இன்லெட்’ கிடைக்கிறது. இ, என் இரண்டையும் முன்னால் வைத்தால் மீதி நான்கும் ‘லிஸ்ட்’, சேர்த்தால் ‘என்லிஸ்ட்’. ‘சைலன்ட்’ எளிதாகவே வந்துவிடும். ‘லிசன்’ மட்டும் பலருக்குத் தப்பிப்போகும், ஏனென்றால் அதில் டி ஒலிப்பதில்லை. ஆங்கிலத்தில் எழுத்துக்கும் ஒலிக்கும் இருக்கும் உறவு அவ்வளவுதான். ஆகவே காதை நம்பாமல் கண்ணால் தேட வேண்டும். சரளமாகப் பேசுகிறவர்கள்கூட இந்த இடத்தில் தடுமாறுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

இதுவரை சொன்னது, கொடுத்த எழுத்துகளை மட்டுமே பயன்படுத்தும் தேடலுக்கு. அவற்றுடன் வேறு எழுத்துகளும் வரலாம் என்றால் அது முற்றிலும் வேறு தேடல். அப்போது இருப்பதிலேயே அரிதான எழுத்திலிருந்து தொடங்குங்கள். ஆங்கில ஸ்கிராபிளில் உள்ள 100 கட்டைகளில் இ 12 இருக்க, க்யூவும் இசட்டும் ஒவ்வொன்றுதான். இவ்விரண்டும் உள்ள சொல் வேண்டுமென்றால், க்யூவுக்குப் பின்னால் பெரும்பாலும் யூ வரும் என்பதை வைத்துக்கொண்டு தேடினாலே குவிஸ், குவார்ட்ஸ், ஸ்குவீஸ் ஆகியவை கிடைத்துவிடும்.

இணையத்தில் கருவிகள் இருக்கும்போது இந்தப் பாடெல்லாம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். கருவிகளை நான் குறை சொல்லவில்லை. எதிராளி இருக்கும் ஆட்டத்தின் நடுவே அவற்றைப் பார்ப்பதுதான் தவறு, ஆட்டம் முடிந்தபின் பார்ப்பது படிப்பு. ஆனால் மேற்சொன்ன இரண்டு தேடல்களில் எது வேண்டும் என்று கேட்காமலே சில தளங்கள் நீண்ட பட்டியலைக் கொட்டிவிடுகின்றன. அதனால்தான் எனக்கென்று ஒரு சிறிய நிரல் எழுதிக்கொண்டேன்.

அதன் அடிப்படை பள்ளிக் கணக்குதான். ஏ 2, பி 3, சி 5 என்று எழுத்துகளுக்கு வரிசையாகப் பகா எண்களைக் கொடுத்தால், பதினோராவது எழுத்தான கே 31 பெறும். சி, ஏ, பி மூன்றையும் பெருக்கினால் 30. ‘பேக்’ என்ற சொல்லின் பி, ஏ, சி, கே நான்கையும் பெருக்கினால் 930. 930ஐ 30 மீதியின்றி வகுக்கிறது என்பதால் அந்த மூன்று எழுத்துகளும் இந்தச் சொல்லுக்குள் இருக்கின்றன என்பது உறுதி. ஈவாக வரும் 31, எஞ்சிய எழுத்து கே என்பதையும் காட்டிவிடுகிறது. ஓர் எழுத்து இருமுறை வேண்டுமென்றால் அதன் எண்ணை இருமுறை பெருக்கிக்கொள்ளுங்கள். கணக்கு அப்போதும் பிசகாது.