குடும்பத்தோடு முதல்முறையாக நீண்ட தூரம் காரில் போகிறோம். வண்டியில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்? வேலை முடிந்து இரவே கிளம்பலாமா?

"வண்டி தினமும் ஆபீசுக்குப் போய் வருகிறது, நன்றாகத்தான் ஓடுகிறது" என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். நானும் ஒருமுறை அப்படி நினைத்துத்தான் கிளம்பினேன். அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஆபீசுக்குப் போகும்போது வண்டியில் ஒருவர் இருப்பார், அரை மணி நேரம் ஓடும், பெரிய வேகமும் இருக்காது. விடுமுறைப் பயணத்தில் ஐந்து பேர், டிக்கி நிறையப் பெட்டிகள், மணிக்கணக்கில் ஓயாத ஓட்டம். வண்டி அதேதான், சுமக்கும் வேலை வேறு.

சில வருடங்களுக்கு முன் அப்படி ஒரு பயணத்தில், கிளம்பிய மூன்றாவது மணி நேரத்தில் பின்பக்க இடது டயர் வெடித்தது. 90 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தேன். ஸ்டியரிங்கை நேராக இறுகப் பிடித்து, பிரேக்கை மிதிக்காமல், ஆக்சிலரேட்டரிலிருந்து மெதுவாகக் காலை எடுத்து, வேகம் நன்றாகக் குறைந்த பிறகு ஓரம் கட்டினேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பின் சீட்டில் மகள் அலறியது இன்னும் காதில் இருக்கிறது. டயரைப் பார்த்த மெக்கானிக், "ஆணி எதுவும் ஏறல, காத்து கம்மியா ஓடியிருக்கு" என்றார். ஸ்டெப்னியை எடுத்தால் அதிலும் காற்று இல்லை.

காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் பக்கவாட்டில் நசுங்கி நிமிர்கிறது. அதில் சூடு ஏறும். பாரமும் வேகமும் சேர்ந்தால் சூடு இன்னும் கூடும், கடைசியில் உள்ளே இருக்கும் இழைகள் விட்டுப்போகும். டிரைவர் கதவைத் திறந்தால் தூணிலோ, பெட்ரோல் மூடியின் உள்பக்கத்திலோ ஒரு ஸ்டிக்கர் இருக்கும். பல வண்டிகளில் அதில் இரண்டு அளவுகள் போட்டிருப்பார்கள்: ஒன்று சாதாரண நாளுக்கு, இன்னொன்று முழுப் பாரத்துக்கு. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது. டயரின் மேலேயே அச்சடித்திருக்கும் அளவைப் பார்த்து அடிக்காதீர்கள், அது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. வண்டி சில மணி நேரம் நின்று டயர் ஆறிய பிறகுதான் அளக்க வேண்டும். ஓடிச் சூடான டயரில் அளவு கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றைத் திறந்து விட்டால், ஆறிய பின் குறைவாகிவிடும்.

டயரின் வயதையும் பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. பட்டன் (டயர் ரோட்டைப் பிடிக்கும் மேடு பள்ளங்கள்) தேயாமல் இருந்தாலும் ரப்பர் வெடிப்பு விட்டிருந்தால் மாற்றிவிடுங்கள். பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் பல நாடுகளில் சட்டமே அதை ஓட்ட விடாது. மழையில் அதற்கு முன்பே பிடிமானம் போய்விடும். அப்புறம் ஸ்டெப்னி, ஜாக்கி, வீல் ஸ்பேனர் மூன்றையும் வெளியே எடுத்து, வீட்டு வாசலிலேயே ஒரு டயரைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். நட்டுகளை ஜாக்கி போடும் முன் கொஞ்சம் தளர்த்த வேண்டும் என்பதை ரோட்டோரத்தில், இருட்டில் கற்றுக்கொள்ள வேண்டாம்.

மற்றவை சீக்கிரம் முடியும். பிரேக், கூலன்ட், எஞ்சின் ஆயில், வைப்பர், எல்லா விளக்குகளும். சர்வீஸ் விடுவதாக இருந்தால் முந்தைய நாள் வேண்டாம், ஒரு வாரம் முன்பே விடுங்கள். ஏதாவது சரியாக மாட்டாமல் விட்டிருந்தால் உள்ளூர் ஓட்டத்திலேயே தெரிந்துவிடும். மலை இறக்கம் இருந்தால் பிரேக் ஆயில் கடைசியாக எப்போது மாற்றியது என்று கேளுங்கள். அது நாளாக நாளாக ஈரத்தை உறிஞ்சும். இறக்கத்தில் பிரேக்கைத் தொடர்ந்து மிதித்தால் அந்த ஈரம் சூட்டில் ஆவியாகி, பெடல் பொசுக்கென்று உள்ளே போகும். அதனால் இறங்கும்போது கீழ் கியரில் எஞ்சினே வண்டியைப் பிடிக்கட்டும். நியூட்ரலில் இறக்கவே கூடாது.

கனமான பெட்டிகள் டிக்கியில் அடியில், பின் சீட்டை ஒட்டி இருக்கட்டும். டிரைவரின் காலடியில் தண்ணீர் பாட்டில் உருண்டு வராதபடி பாருங்கள், பிரேக் பெடலுக்குக் கீழே அது மாட்டினால் மிதிக்க முடியாது. பின் சீட்டில் இருப்பவர்களும் பெல்ட் போட வேண்டும். போடாதவர் மோதலின்போது முன் சீட்டில் இருப்பவர் மேல்தான் போய் விழுவார்.

வேகத்தைப் பற்றி ஒரு கணக்கு மட்டும். 300 கிலோமீட்டரை 100-இல் போனால் மூன்று மணி நேரம், 120-இல் போனால் இரண்டரை. நடுவில் எங்கும் வேகம் குறையாவிட்டால்தான் அந்த அரை மணி நேரமும் கிடைக்கும். பிரேக் பிடித்து நிற்கும் தூரமோ நாற்பது சதவீதத்துக்கு மேல் கூடிவிடும்.

இனி இரவுப் பயணம். தயவுசெய்து வேண்டாம். பகல் முழுக்க வேலை பார்த்துவிட்டு ஸ்டியரிங் பிடிப்பதைத்தான் நான் வெடிக்கும் டயரைவிட அதிகம் பயப்படுகிறேன். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் நிதானம், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் நிதானத்துக்குக் கிட்டத்தட்ட சமம் என்று ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். 100 கிலோமீட்டர் வேகத்தில் நான்கு விநாடி கண் அசந்தால் வண்டி 110 மீட்டர் தானாகப் போயிருக்கும். கண்ணாடியை இறக்குவது, பாட்டைச் சத்தமாக வைப்பது எதுவும் தூக்கத்தை நிறுத்தாது. கடைசி சில கிலோமீட்டர் எப்படி வந்தோம் என்று நினைவில்லை என்றால் அதுதான் எச்சரிக்கை. பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, ஒரு காபி குடித்துவிட்டு உடனே 20 நிமிடம் தூங்குங்கள். காபி வேலை செய்ய அரை மணி நேரம் போல ஆகும், எழும்போது இரண்டும் சேர்ந்து உதவும். ஆனால் அது அடுத்த தங்குமிடம் வரைக்கும்தான், ராத்திரித் தூக்கத்துக்கு ஈடாகாது.

பகலிலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் சொக்கும், அந்த நேரத்தில் இன்னொருவர் ஓட்டட்டும். பக்கத்து சீட்டில் இருப்பவர் தூங்காமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வரட்டும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால், அன்று இரவு பத்து மணிக்குள் படுத்துவிட்டுக் காலை ஆறு மணிக்குக் கிளம்புவேன். பெட்டி கட்டும் வேலையை வண்டி ஓட்டாதவர்களிடம் விட்டுவிடுவேன்.