கையை எடுத்தாலும் கப்பல் சாய்கிறது: ஜாய்ஸ்டிக், த்ராட்டில் அமைப்பு பற்றி ஒரு கேள்வி

கேள்வி: அண்ணா, வணக்கமுங்க. பல்லடத்துக்குப் பக்கமிருந்து எழுதறேன். வீட்டை ஒட்டியே எங்க தறிக் குடோன். எலைட் டேஞ்சரஸ்னு விண்கலம் ஓட்டற கம்ப்யூட்டர் கேம் ஆடறதுக்குன்னு போன மாசம் செகண்ட்ஹேண்டுல ஜாய்ஸ்டிக்கும், வேகத்தைக் கூட்டிக் குறைக்கற த்ராட்டிலும் சேர்ந்த செட் ஒண்ணு வாங்கினேனுங்க. ஸ்டிக்கைத் திருகவும் முடியும், மேலே கட்டைவிரலுக்கு நாலு திசை சுவிட்ச் இருக்கு, த்ராட்டில் நடுவுல ஒரு இடத்துல 'டக்'னு நிக்குது. கையை எடுத்தாலும் கப்பல் தானா இடப்பக்கம் சாயுது. ஆட்டத்துல வர்ற விண்வெளி ஸ்டேஷன் வாசல்ல ஒவ்வொரு தடவையும் முட்டறேன். எந்த வேலையை எந்தப் பட்டன்ல வைக்கறதுன்னும் புரியலீங்க. இதையே சரி பண்ணிக்கலாமா, புதுசு வாங்கணுமுங்களா?

பதில்: தம்பி, இப்போதைக்குப் புதுசு வேண்டாம். கப்பல் சாய்வதற்குக் காரணம் பெரும்பாலும் உங்கள் தறிக் குடோனில் பறக்கும் பஞ்சு. வாசலில் முட்டுவதற்குக் காரணம் உங்கள் கைப்பழக்கம் இல்லை, பட்டன் வைத்திருக்கும் விதம். இரண்டையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் சரி செய்துவிடலாம்.

முதலில் சாய்வு. விலை குறைந்த ஜாய்ஸ்டிக்குகளில், ஸ்டிக் எவ்வளவு தூரம் சாய்ந்திருக்கிறது என்று அளப்பது பொட்டென்ஷியோமீட்டர் என்ற சின்ன உறுப்பு. பழைய ரேடியோவில் சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் திருகுவோமே, அதே ஜாதி. உள்ளே கரி பூசிய ஒரு தடம் இருக்கும், அதன்மேல் உலோக நாக்கு ஒன்று உரசிக்கொண்டே நகரும். நாக்கு நிற்கும் இடத்துக்குத் தகுந்தபடி மின்னழுத்தம் மாறும். அதைத்தான் கணினி சாய்வு என்று படிக்கிறது. தடத்தில் ஒரு பஞ்சிழை படிந்தால் போதும், கணினிக்குப் போகும் அளவு தப்பாகிவிடும். தடம் தேய்ந்துபோனாலும் அப்படித்தான்.

எது காரணம் என்று கண்டுபிடிக்க ஆட்டத்தைத் திறக்கவே வேண்டாம். விண்டோஸ் தேடலில் யூஎஸ்பி கேம் கன்ட்ரோலர்ஸ் என்று தேடினால் ஒரு சின்ன ஜன்னல் வரும். அதில் உங்கள் ஜாய்ஸ்டிக்கைத் தேர்ந்து ப்ராப்பர்ட்டீஸ் பக்கம் போங்கள். ஒரு கட்டத்துக்குள் கூட்டல் குறி ஒன்று தெரியும். ஸ்டிக்கிலிருந்து கையை எடுத்துவிட்டு அந்தக் குறியை ஒரு நிமிடம் பாருங்கள். குறி நடுவை விட்டு விலகியிருக்கிறது, ஆனால் அசையாமல் நிற்கிறது என்றால் அளவீடு மட்டும் தவறியிருக்கிறது. அதே ஜன்னலின் செட்டிங்ஸ் பக்கத்தில் இருக்கும் கேலிபரேட் பட்டனை அழுத்தி, சொல்கிறபடி செய்தால் முடிந்தது. குறி துள்ளுகிறது, நடுங்குகிறது என்றால் உள்ளே அழுக்கோ தேய்மானமோ இருக்கிறது. துள்ளும் குறியை வைத்துக்கொண்டு அளவீடு செய்யாதீர்கள், தப்பான நடுவையே கணினி நினைவில் வைத்துக்கொள்ளும். முதலில் சுத்தம், அப்புறம்தான் அளவீடு.

சுத்தம் செய்ய யூஎஸ்பி வயரைக் கழற்றிவிட்டு, அடிப்பாகத்துத் திருகாணிகளைக் கழற்றுங்கள். ஒன்றிரண்டு ரப்பர் காலுக்கு அடியில் ஒளிந்திருக்கலாம். மூடியை மெதுவாகத் தூக்குங்கள், ஸ்பிரிங் தெறித்துவிடும். ஒவ்வொன்றைக் கழற்றும் முன்னும் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பஞ்சை மெல்லிய பெயிண்ட் பிரஷ்ஷால் தள்ளி எடுங்கள். குடோனில் கம்ப்ரஸர் இருந்தாலும் அதைப் பிடிக்க வேண்டாம். அந்தக் காற்றில் ஈரமும் எண்ணெயும் சேர்ந்து வரும், பஞ்சு இன்னும் ஆழமாகப் போய் அப்பிக்கொள்ளும். பிறகு எலக்ட்ரானிக்ஸ் உதிரிபாகக் கடையில் கான்டாக்ட் கிளீனர் என்று கேட்டு வாங்கி, பொட்டென்ஷியோமீட்டரின் இடுக்கில் ஒரே ஒரு பீச்சு. பிளாஸ்டிக்குக்கு ஆகாத வகையும் உண்டு, அதனால் டப்பாவில் எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள். துருப் பிடித்த போல்ட்டுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்ப்ரே கூடவே கூடாது. அது பிசுக்காக நின்று அடுத்த வாரமே பஞ்சை இழுத்துப் பிடிக்கும். பீச்சியதும் ஸ்டிக்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை முப்பது தடவை ஆட்டுங்கள், நன்றாகக் காயவிட்டு மூடுங்கள். இனிமேல் ஆடி முடித்ததும் ஒரு துணிப்பையைக் கவிழ்த்து மூடி வையுங்கள். தறி வீட்டில் இது அவசியம்.

சரி, இப்போது ஸ்டேஷன் வாசல்.

சாலையில் ஓடும் வண்டிக்கு முன்னே, பின்னே, திரும்புவது, அவ்வளவுதான். விண்கலத்துக்கு அசைவு ஆறு. மூன்று சுழற்சி, மூன்று நகர்வு. சுழற்சியைப் புரிந்துகொள்ள உங்கள் ஊருக்கு வெளியே நிற்கும் காற்றாலையைப் பாருங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று திசை மாறும்போது கம்பத்தின் மேலே தலை மட்டும் மெதுவாகத் திரும்பும், அது யா. இறக்கை நின்ற இடத்திலேயே சுற்றுகிறதே, கப்பல் அப்படிச் சுற்றினால் ரோல். பின்னால் மூட்டையை அதிகமாக ஏற்றிய டெம்போ மூக்கைத் தூக்கும், அது பிட்ச். நகர்வு என்பது மூக்கு பார்க்கும் திசை மாறாமல் உடம்பு மொத்தமும் முன்பின், இடவலம், மேல்கீழ் என்று வழுக்கிப் போவது.

நீங்கள் முட்டுவது இங்கேதான். வாசலுக்குக் கொஞ்சம் இடப்பக்கமாக வந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உடனே ஸ்டிக்கைத் திருகி மூக்கை வலப்பக்கம் திருப்புகிறீர்கள். மூக்கு திரும்பிவிடும், கப்பல் கோணலாகிவிடும். கோணலான கப்பலோடு நுழைந்தால் வால் ஒரு பக்கச் சுவரில் உரசாமல் என்ன செய்யும்? அங்கே தேவைப்படுவது திருப்பம் இல்லை, வழுக்கல். அந்த வழுக்கும் பட்டன்கள் இப்போது கீபோர்டில் எங்கேயோ இருக்கும். வாசல் முன்னால் நிற்கும்போது ஸ்டிக்கை விட்டுவிட்டு கீபோர்டில் அதைத் தேட யாருக்கும் நேரம் கிடையாது. இந்தச் செட்டை எப்படி அமைப்பது என்று என்னைக் கேட்டால், ஆயுதத்தை எல்லாம் ஒதுக்கிவிட்டு முதலில் ஆறு அசைவையும் கைக்கு அடியில் கொண்டுவாருங்கள் என்பேன். இதை விட்டுவிட்டு மற்ற எதைச் சரி செய்தாலும் முட்டுவது நிற்காது.

ஸ்டிக்கின் முன்பின் சாய்வு பிட்ச். இடவல சாய்வு ரோல். திருகல் யா. சிலர் கார் ஓட்டுகிற பழக்கத்தில் இடவல சாய்வில் யாவை வைப்பார்கள், நான் வேண்டாம் என்பேன். இந்த ஆட்டத்தில் யா வேண்டுமென்றே மந்தமாக வைக்கப்பட்டிருக்கிறது. வேகமாகத் திரும்ப வேண்டுமானால் முதலில் ரோல் செய்து அப்புறம் பிட்ச்சில் இழுப்பதுதான் வழி. கையின் பெரிய அசைவு ரோலுக்குத்தான் போக வேண்டும். கட்டைவிரலில் இருக்கும் நாலு திசை சுவிட்ச் முழுக்க நகர்வுக்கு: மேல் அழுத்தினால் மேலே, கீழ் அழுத்தினால் கீழே, இடம், வலம். வேறு எந்த வேலையையும் பறக்கும்போது அதற்குத் தராதீர்கள். அது சுவிட்ச் என்பதால் அழுத்தினால் முழு விசை, விட்டால் ஒன்றுமில்லை. அதனால் அழுத்திப் பிடிக்காமல் தட்டித் தட்டி விடுங்கள். த்ராட்டிலின் பக்கவாட்டில் விரலால் இடவலம் அசைக்கும் கட்டை ஏதாவது இருந்தால் இடவல நகர்வை அதிலும் சேர்த்துக்கொள்ளலாம், அதில் விசையை அளந்து கொடுக்க முடியும்.

இனி பழகுவது. ஸ்டேஷனிலிருந்து 7.5 கிலோமீட்டருக்குள் வந்ததும் திரையின் இடப்பக்கப் பலகையைத் திறந்து இறங்க அனுமதி கேளுங்கள். அனுமதி கிடைத்தால் 10 நிமிடம் உண்டு, அவசரமே வேண்டாம். வாசலுக்கு நேரே கொஞ்சம் தள்ளி வந்து முழுசாக நில்லுங்கள். ஸ்டேஷன் சுற்றிக்கொண்டே இருக்கும். பச்சை விளக்கு உங்கள் வலப்பக்கம் வரும்படி ரோலை மட்டும் மெதுவாகச் சேர்த்து வாசலோடு ஒட்டிக்கொள்ளுங்கள். மேல்கீழ், இடவலம் விலகலை எல்லாம் கட்டைவிரலால் மட்டும் சரி செய்யுங்கள். வேகம் வினாடிக்கு 100 மீட்டரைத் தாண்ட வேண்டாம், பழகும் வரை 50 போதும். முதல் சில நாள் யா பக்கமே போகாமல் நுழைந்து பாருங்கள், எவ்வளவு வித்தியாசம் என்று உங்களுக்கே தெரியும். உள்ளே போய் உங்கள் எண் இருக்கும் மேடைக்கு மேலே நின்று, கியரை, அதாவது கப்பல் ஊன்றி நிற்கும் கால்களை இறக்கி, கீழ் நகர்வைத் தட்டித் தட்டி உட்காருங்கள். அமைப்புப் பக்கத்தில் கியர் இறங்கியிருக்கும்போது மட்டும் செல்லும் தனிப் பிரிவு ஒன்று இருக்கிறது. அங்கே ஸ்டிக்கின் திருகலையே இடவல நகர்வாக மாற்றிக்கொள்ளலாம். மேடைமேல் நிற்கும்போது இது கைக்கு அவ்வளவு இதமாக இருக்கும்.

த்ராட்டிலுக்கு வருவோம். நடுவில் 'டக்' என்று நிற்பது கெட்டுப்போனதால் இல்லை, அப்படித்தான் செய்திருக்கிறார்கள். ஆட்டத்தில் இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று முழு வீச்சு: நடு என்றால் நிற்பது, முன்னே தள்ளினால் முன்னே, பின்னே இழுத்தால் பின்னே. மற்றது முன்னே மட்டும்: அடியில் இருந்தால் நிற்பது, பின்னே போக ஒரு தனிப் பட்டன். உங்களுக்கு முழு வீச்சு. வாசல் முன்னால் திரையைப் பார்க்காமலே, அந்த 'டக்'கைக் கையால் உணர்ந்து கப்பலை நிறுத்த முடியும். பிற்பாடு சண்டைக்குப் போகும்போது முன்னே மட்டும் என்று மாற்றிப் பாருங்கள். வேகமானியில் நீலமாக ஒரு பகுதி தெரியும், கப்பல் மிக வேகமாகத் திரும்புவது அந்த வேகத்தில்தான். அது பாதி வேகத்தை ஒட்டி இருப்பதால் அதே 'டக்' உங்களை நீலத்தில் கொண்டுபோய் நிறுத்தும். எதைத் தேர்ந்தாலும் 75 சதவீத வேகத்துக்கு ஒரு பட்டன் வையுங்கள். சூப்பர்குரூஸில், அதாவது தொலைதூரத்தை அதிவேகத்தில் கடக்கும் நிலையில், போய்ச் சேரும் நேரம் 7 வினாடி என்று காட்டும்போது அதை அழுத்திவிட்டால் இலக்கைத் தாண்டி ஓடாமல் கப்பல் தானே வேகத்தைக் குறைத்துக்கொண்டு வரும்.

அடுத்தது டெட்சோன். இதில்தான் நிறையப் பேர் கெடுத்துக்கொள்கிறார்கள். லேத் பட்டறையில் வேலை பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். பழைய லேத்தில் கைப்பிடியைத் திசை மாற்றிச் சுற்றினால் கொஞ்ச தூரத்துக்கு டூல் நகராது, திருகில் இருக்கும் அந்த ப்ளேயைத் தாண்டின பிறகுதான் நகரும். நல்ல டர்னர் அந்த ப்ளேயைக் குறைக்கத்தான் பாடுபடுவார். டெட்சோன் என்பது நாமே வலியப்போய் வைக்கும் ப்ளே. கப்பல் சாய்கிறது என்று அதைக் கால்வாசிக்கு ஏற்றினால் சாய்வது நிற்கும்தான். ஆனால் நுணுக்கமாக அசைக்க வேண்டிய அந்த நடுப்பகுதியே செத்துவிடும். வாசல் முன்னால் உங்களுக்கு வேண்டியதே அந்த நடுப்பகுதி. சுத்தமும் அளவீடும் முடிந்த பிறகு ஆட்டத்தில் டெட்சோனைச் சுழியத்தில் வைத்துக் கப்பலைச் சும்மா விடுங்கள். சாய்ந்தால் ஒரு நூல் ஏற்றுங்கள், திரும்பப் பாருங்கள். நின்றதும் விட்டுவிடுங்கள். திருகலுக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்படும், ஸ்டிக்கைச் சாய்க்கும்போது மணிக்கட்டு தன்னையறியாமல் திருகிவிடும். த்ராட்டிலில் முழு வீச்சு என்றால் நடுவில் துளி இருக்கட்டும்.

மற்றப் பட்டன்களில் பெரிய விஷயம் இல்லை. ட்ரிக்கர் முதல் ஆயுதம், பக்கத்துப் பட்டன் இரண்டாவது. கப்பலைச் சட்டென்று முன்னே பாய வைக்கும் பூஸ்ட்டை மட்டும் கியர் பட்டனுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், ஸ்டேஷனுக்குள் விரல் தவறினால் கப்பல் சுவரில்தான். ஃப்ளைட் அசிஸ்ட்டை இப்போதைக்கு அணைக்க வேண்டாம். அது இருக்கும்வரை, விசையை விட்டதும் கப்பல் தானே நிலைக்கு வரும்.

கை வலிக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஸ்டிக்கின் பிடி முழங்கை உயரத்தில் இருக்க வேண்டும், தோளைத் தூக்கிக்கொண்டு ஆடக் கூடாது. அடிப்பாகம் வழுக்கினால் ஒரு பலகையில் ஒட்டுப் பட்டை போட்டுப் பிடிக்க வையுங்கள். வழுக்கும் ஸ்டிக்கைக் கை தானாகவே இறுக்கிப் பிடிக்கும், அந்த இறுக்கத்தில் நுணுக்கம் போய்விடும்.

எல்லாம் பிடித்த மாதிரி அமைந்ததும் அந்த அமைப்புக் கோப்பை நகல் எடுத்து வையுங்கள். விண்டோஸில் உங்கள் பெயரிலுள்ள கோப்புறையில் ஆப்டேட்டா, அதற்குள் லோக்கல், ஃப்ரான்டியர் டெவலப்மென்ட்ஸ், எலைட் டேஞ்சரஸ், ஆப்ஷன்ஸ், பைண்டிங்ஸ் என்று வரிசையாகப் போனால் இருக்கும். ஆப்டேட்டா மறைந்திருக்கும், மறைந்த கோப்புறைகளைக் காட்டச் சொல்லிவிட்டுத் தேடுங்கள். ஜாய்ஸ்டிக்கைச் செருகாமல் ஆட்டத்தைத் திறந்தால் நீங்கள் வைத்ததை எல்லாம் விட்டுவிட்டு ஆட்டம் பழைய அமைப்புக்குப் போய்விடக்கூடும். அதனால் செருகிய பிறகே திறங்கள், எப்போதும் ஒரே யூஎஸ்பி துளையில்.

புதுசு வாங்கும் நாள் வந்தால் ஸ்டிக்கில் ஹால் சென்சார் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். த்ரஸ்ட்மாஸ்டரின் டி.16000எம்மில் முன்பின், இடவல சாய்வு அந்த வகை, திருகல் மட்டும் பொட்டென்ஷியோமீட்டர்தான். காந்தம் நகர்வதை, தொடாமலே சென்சார் அளக்கும். உரசல் இல்லாததால் தேய்மானமும் இல்லை, உரசும் தடம் இல்லாததால் பஞ்சுக்கும் அங்கே வேலை இல்லை. அதுவரை கையில் இருப்பதைச் சுத்தம் செய்து ஆடுங்கள். சுத்தம் செய்த பிறகும் குறி துள்ளினால், எந்த அசைவில் துள்ளுகிறது என்று குறித்துக்கொண்டு, அந்தப் பொட்டென்ஷியோமீட்டரின் மேல் அச்சிட்டிருக்கும் எழுத்தையும் எண்ணையும் படம் எடுத்து அனுப்புங்கள். அதே அளவில் மாற்றுப் பாகம் எது என்று பார்த்துச் சொல்கிறேன்.